அசரீரி

கம்சன் தேரோட்டிச் செல்கிறான். தங்கை தேவகியின் மணம் முடிந்து, மகிழ்ச்சி பொங்கப் போகும் ஊர்வலம். திடீரென்று வானிலிருந்து ஒரு குரல்! உடலில்லை, முகமில்லை, பேரில்லை, ஊரில்லை. உன் தங்கையின் எட்டாவது பிள்ளையால் உனக்கு முடிவு என்கிறது குரல். உருவுகிறான் வாளை. பேசியது யார், எதைக் கண்டு பேசியது, உண்மையென்பதற்கு அடையாளம் என்ன, ஒரு கேள்வி உண்டா? இல்லை. அசரீரி பேசினால் கேட்டவன் நம்பவேண்டும். அதுதான் புராணத்தின் இலக்கணம்.

அந்த அசரீரி யாரென்பதை நாம் பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டோம். ஊர்க்கோடியில் தெருக்கூத்து. திரைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தோம். ஆர்மோனியக்காரர், புகைத்துக்கொண்டிருந்த பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு, காலிச் செம்பொன்றை வாயருகே பிடித்துக்கொண்டு, "அடே, கம்சா!" என்று முழங்கினார். திரைக்கு முன்னால் அமர்ந்திருந்த கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செம்பைக் கண்டவர்கள் நாமும், நம்முடன் வந்த இன்னொரு பையனும்தான். கண்டதை வெளியே சொன்னோமா? சொல்லவில்லை. பெரியவர்கள் அத்தனை பேர் நம்பும்போது நாம் கண்டது தவறோ என்று வாயை மூடிக்கொண்டோம்.

அந்தச் செம்பு இன்று நினைவுக்கு வரக் காரணம் உண்டு. மெய்யாகவே வானத்திலிருந்து ஒலிக்கின்ற, முகம் தெரியாத ஒரு குரலை இருபதாம் நூற்றாண்டு படைத்தது. விமானத்தில் பறக்கும்போது தலைக்கு மேலுள்ள ஒலிபெருக்கியில், உங்கள் விமானி பேசுகிறேன் என்று வருகிறதே, அந்தக் குரல்! இத்தனை ஆயிரம் அடி உயரம், இன்ன வேகம், இறங்குமிடத்தில் இப்படி வானிலை என்று நாலு சொற்கள். கேட்கிறோம், கண்ணயர்கிறோம். ஆனால் அந்த நாலு சொற்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பொறுப்பில் இருப்பவன் எதைச் சொல்கிறான், எதை மறைக்கிறான், கேட்டவன் என்ன செய்கிறான் என்னும் பழைய வழக்கை வானத்தில் வைத்து நடத்திக் காட்டிய வரலாறு அது.

1919 ஆகஸ்டு 25இல் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் பறக்கும் விமானப் போக்குவரத்து தொடங்கிற்று. அந்தச் சின்னஞ்சிறு விமானத்தில் பயணிகள் இருவர் மூடிய பெட்டிக்குள் அமர, விமானி வெட்டவெளியில், காற்றும் மழையும் முகத்தில் அறைய அமர்ந்திருப்பார். அவர் எங்கே பேசுவது, இவர்கள் எங்கே கேட்பது! 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பறந்த மூன்று எந்திர ஃபோர்டு விமானங்களிலோ, இரைச்சல் தாங்காது காதில் அடைத்துக்கொள்ளப் பயணிகளுக்குப் பஞ்சு கொடுத்தனர். ஆகவே சொல்லவேண்டியதை விமானி ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பின்னே அனுப்புவார். கீழே தெரிவது இன்ன ஆறு, இன்ன நேரத்தில் போய்ச் சேருவோம் என்று இரண்டு வரி. அது கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரை போகும். பின்னாளில் வந்த ஒலிபெருக்கியைவிட இந்தத் துண்டுத்தாள் ஒருவகையில் உயர்ந்தது என்போம் நாம். எழுத்தில் இருந்ததால் எவரும் இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம். ஐயமிருந்தால் அதே தாளின் மறுபக்கத்தில் கேள்வியை எழுதித் திருப்பியும் அனுப்பலாம்.

1930 மே 15இல் எல்லன் சர்ச் என்னும் செவிலி, உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக வேலையில் ஏறினார். அவர் விமானம் ஓட்டக் கற்றவர். விமானியாகத்தான் வேலை கேட்டார். பெண்ணுக்கு அந்த இருக்கை இல்லை என்றனர். அப்படியானால் பயணிகளின் அச்சத்தைத் தணிக்கச் செவிலியரை அமர்த்துங்கள் என்று அவரே வழி சொன்னார், அது ஏற்கப்பட்டது. ஓட்டத் தெரிந்தவளுக்குக் கிடைத்தது காப்பித் தட்டு! அன்று தொடங்கிப் பல்லாண்டுகள், முன்னறையிலிருந்து வரும் குரல் ஆணின் குரலாகவே இருந்தது.

எந்திர ஓசை அடங்க அடங்க, ஒலிபெருக்கி வந்தது; தாள் போயிற்று. இப்போது பயணி திருப்பி எழுத முடியாது. குரல் ஒருவழிப் பாதையாயிற்று. அந்தக் குரலுக்கு ஒரு தனி ராகமும் வந்து சேர்ந்தது. அந்த ராகம் பிறந்த இடம் சுவையானது. 1947 அக்டோபர் 14ஆம் நாள், ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த முதல் மனிதர் சக் யேகர். இரண்டு நாள் முன்பு குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்பு ஒடிந்த நிலையில், அதை மேலிடத்துக்குச் சொல்லாமல் பறந்தவர். மேற்கு வர்ஜீனியாவின் மலைக்காட்டுச் சிற்றூரில் பிறந்தவர். அந்த நாட்டுப்புறத்தார் இழுத்து இழுத்து, எதற்கும் அவசரமில்லாதவர்போலப் பேசுவர். நகரத்தார் நகைத்த பேச்சு அது. அமெரிக்க எழுத்தாளர் டாம் வுல்ஃப், 1979இல் வெளிவந்த தம் 'தி ரைட் ஸ்டஃப்' நூலில், யேகரின் அந்த இழுவையை முதலில் உடனிருந்த படை விமானிகளும், அவர்களைப் பார்த்து நாடெங்கும் பயணிகள் விமானம் ஓட்டியோரும் படியெடுத்துக்கொண்டனர் என்று எழுதினார். மலையே காணாத ஊரில் பிறந்தவனும் ஒலிவாங்கியைக் கையிலெடுத்தால் மலைநாட்டான் ஆகிவிடுவானாம்! ஏளனத்துக்குரியதாயிருந்த எளியோர் பேச்சு, ஆயிரமாயிரம் பேர் உயிரை நம்பி ஒப்படைக்கும் குரலாயிற்று. அமைதிக்கும் அழகுக்கும் உரிய பேச்சு உயர்குடியாரிடம்தான் உண்டு என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் அமைதியான குரல் என்பது வேறு. உண்மையான குரல் என்பது வேறு. இரண்டும் சேர்ந்து வந்த நாட்கள் உண்டு. 1956 அக்டோபர் 16. ஹொனலுலுவிலிருந்து சான்பிரான்சிஸ்கோ செல்லும் பான் அமெரிக்கன் விமானம். நடுக்கடலில், நள்ளிரவில், இரண்டு எந்திரங்கள் போயின. கரை எட்டாது. கீழே அமெரிக்கக் கடலோரக் காவற்படைக் கப்பல் ஒன்று நின்றது. விமானி ரிச்சர்டு ஆக், விடியும் வரை அக்கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். கடலில்தான் இறங்கப் போகிறோம் என்று பயணிகளுக்குச் சொல்லப்பட்டது. வால்பகுதி முறியக்கூடும் என்று பின்னால் இருந்தவர்களை முன்னே அமர்த்தினர். சொன்னபடியே வால் முறிந்தது. விமானத்தில் இருந்த 31 பேரும் பிழைத்தனர். சாவு சாளரத்துக்கு வெளியே நிற்கிறதென்று தெரிந்தே மணிக்கணக்கில் அமர்ந்திருந்த அந்த மக்கள் பித்துப்பிடித்து ஓடவில்லை. முறையாய் எழுந்து, முறையாய்ப் படகேறினர். மக்களிடம் உண்மையைச் சொன்னால் கலவரமாகும் என்று கோட்டைகளிலும் கொலுமண்டபங்களிலும் சொல்லப்படும் சாக்கு, அந்தக் கடலில் மூழ்கியது.

1982 ஜூன் 24ஆம் நாள் நடந்ததை விமானிகள் இன்றளவும் வியந்து பேசுவர். இலண்டனிலிருந்து ஆக்லாந்து நோக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். பம்பாயையும் நம் சென்னையையும் தொட்டு வந்து, கோலாலம்பூரில் விமானிகள் மாறினர். புதிதாய்ப் பொறுப்பேற்றவர் எரிக் மூடி. 248 பயணிகள், 15 பணியாளர். சாவாத் தீவுக்கு அருகே, இருட்டில், எந்திரங்கள் ஒளிர்ந்தன. அறைக்குள் புகை மணந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லா எந்திரங்களும் நின்றன! கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. 37,000 அடி உயரத்திலிருந்து விமானம் ஓசையற்று இறங்கிற்று. அப்போதுதான் மூடி ஒலிவாங்கியை எடுத்தார். நமக்கு ஒரு சிறு தொல்லை நேர்ந்திருக்கிறது என்று தொடங்கினார். எந்திரங்கள் நான்கும் நின்றுவிட்டன என்றார். அவற்றை ஓட வைக்க எங்களால் ஆன மட்டும் பாடுபடுகிறோம், நீங்கள் மிகவும் கலங்கியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன் என முடித்தார். நாலு வாக்கியம், அவ்வளவே. 'சிறு தொல்லை' என்பது ஆங்கிலேயர்க்கே உரிய குறும்பு. ஆயினும் நான்கு என்னும் எண்ணை அவர் மூன்றாகக் குறைக்கவில்லை. சிலர் வீட்டாருக்கு இரண்டு வரி எழுதி வைத்தனர். அருகிருந்தவர் கையைப் பற்றிக்கொண்டனர். 13,500 அடிக்கு வந்தபோது, சாம்பல் மேகத்துக்குக் கீழே, ஓர் எந்திரம் உயிர் பெற்றது, பிறகு மற்றவை. சாம்பல் உராய்ந்து முன்கண்ணாடி மங்கிப் போயிருக்க, ஜகார்த்தாவில் எவருக்கும் உயிர்ச்சேதமின்றி இறக்கினார் மூடி. 2024இல் அவர் மறைந்தபோது ஏடுகள் அவர் பறந்த பறப்பைவிட அவர் பேசிய நாலு வாக்கியத்தையே முன்னே நிறுத்தின.

இதுவரை உண்மையைச் சொன்ன குரல்கள். குரல் பொய் சொன்னால்? பொய்கூட அல்ல, தவறைச் சொன்னால்? உள்ளத்தில் கள்ளமின்றி, மெய்யென்று நம்பியே தவறைச் சொன்னால், கேட்டிருப்போர் கடமை என்ன? நாம் எழுத வந்ததே இதற்காகத்தான்.

1989 ஜனவரி 8, மாலை. இலண்டனிலிருந்து பெல்ஃபாஸ்ட் செல்லும் பிரிட்டிஷ் மிட்லண்ட் விமானம். 118 பயணிகள், 8 பணியாளர். இரவு 8 மணி 5 நிமிடத்துக்கு, 28,000 அடிக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது, இடப்பக்க எந்திரத்தின் விசிறி இதழ் ஒன்று உடைந்தது. விமானம் நடுங்கிற்று. புகை மணம் எழுந்தது. பின்னிருக்கைகளில் இருந்தோர் இடப்பக்கச் சாளரத்தின் வழியே நெருப்புப் பொறிகள் பறக்கக் கண்டனர். கண்ணாரக் கண்டனர்!

முன்னறையில் இருந்த இருவருக்கு அந்தச் சாளரம் இல்லை. அவர்கள் கருவிகளைப் பார்த்தனர். அதிர்வு காட்டும் முள் புதுவகை விமானத்தில் சிறிதாய் இருந்தது. பழைய வகை விமானத்தில் பயணிகள் அறைக்கு வரும் காற்று பெரும்பாலும் வலப்பக்க எந்திரத்தினது; ஆகவே புகையென்றால் வலம் என்று பழைய அறிவு சொல்லிற்று. புதிய வகையிலோ அந்த அமைப்பு மாறிவிட்டிருந்தது. வலப்பக்க எந்திரத்தைத் தணித்தனர். அதே நேரத்தில், வேறு காரணத்தால், இடப்பக்க எந்திரத்தின் நடுக்கமும் குறைந்தது. சரியான வைத்தியம் செய்தோம் என்று எண்ணினர். நல்ல எந்திரத்தை அணைத்துவிட்டு, கெட்ட எந்திரத்தை நம்பிப் பறந்தனர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இங்கே விழுந்தது பனம்பழமல்ல.

பணியாளர் தலைவர் முன்னறைக்கு வந்தார். பயணிகள் மிகவும் கலங்கியிருக்கிறார்கள் என்றார். கலக்கம் தீர்க்கத் தலைமை விமானி ஒலிவாங்கியை எடுத்தார். வலப்பக்க எந்திரத்தில் தொல்லை, அதனால்தான் அறையில் சிறிது புகை, அதை நிறுத்திவிட்டோம், பத்து நிமிடத்தில் தரையிறங்குவோம் என்று அமைதியாய்ச் சொன்னார்.

வலப்பக்கம்! இடப்பக்கத்தில் நெருப்பைக் கண்டவர்கள் அதைக் கேட்டனர். பின்னாளில் அரசினர் நடத்திய விபத்து ஆய்வின் அறிக்கை இதைத் தெளிவாகப் பதிவு செய்திருக்கிறது. நெருப்பைக் கண்ட பயணிகள் பலர், குரல் வலப்பக்கம் என்றதும் திகைத்தனர். ஆயினும் ஒருவரும் அதைப் பணியாளரிடம் எடுத்துச் சொல்லவில்லை. நெருப்பைக் கண்ட பணியாளரும் இருந்தனர்; வலம் என்ற சொல் தங்கள் காதில் விழவில்லை என்றனர். ஒரு பயணி எழுந்து, ஐயா, எரிந்தது இப்பக்கம் அல்லவா என்று கேட்டிருந்தால்? ஏறத்தாழக் கால்மணி நேரம் இருந்தது. அணைக்கப்பட்ட நல்ல எந்திரத்தைத் திரும்ப ஓட வைக்க அது போதிய நேரம்.

கேட்கவில்லை. ஏன்? அவர்கள் பேதைகள் அல்லர். படித்தவர்கள், தொழில் செய்பவர்கள், தங்கள் கண்ணைத் தாங்கள் நம்பத் தெரிந்தவர்கள். ஆனால் குரல் மேலிருந்து வந்தது. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்? வலம் என்றால், முன்னால் நின்று நம்மைப் பார்த்தபடி சொல்லும் வலமோ என்னவோ! இப்படி அறிவுக்குப் பொருத்தமாகவே நூறு சமாதானம் தோன்றும். அடக்கம் என்ற பெயரில் ஐயத்தை விழுங்கப் பழகியவர்கள் நாம் மட்டுமல்லர், உலகமே பழகியிருக்கிறது. அன்று பள்ளிச்சிறுவனாய்ச் செம்பைக் கண்டும் வாய்திறவாதிருந்த நாம், அந்தப் பயணிகள்மேல் எந்தக் கையால் கல்லெறிவது?

ஓடுபாதைக்குச் சற்றுத் தொலைவில், உடைந்த இடப்பக்க எந்திரம் வலுவிழந்தது. வலப்பக்கத்தை உயிர்ப்பிக்க நேரமில்லை. 8 மணி 24 நிமிடம். கெக்வொர்த் என்னும் சிற்றூருக்கருகே, ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டரும் இல்லாத தொலைவில், எம்-1 நெடுஞ்சாலையின் கரைமேட்டில் விமானம் மோதி முறிந்தது. 47 பேர் மாண்டனர். பிழைத்த 79 பேரில் 74 பேருக்குக் கடுங்காயம். விமானிகள் இருவரும் பிழைத்தனர், வேலையிழந்தனர். ஆய்வு செய்தோர் அவர்களை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு எழுந்துவிடவில்லை. முன்னறையும் பின்னறையும் ஒன்றோடொன்று பேசப் பயிற்சி வேண்டும், கண்டதைச் சொல்லவும், சொன்னதைக் கேட்கவும் இருசாராரையும் பழக்கவேண்டும் என்று எழுதினர்.

அதே ஆண்டு. ஆறே மாதம் கழித்து, ஜூலை 19. அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோவுக்கு 296 பேருடன் பறந்த யுனைடெட் விமானத்தின் வால்எந்திரம் வெடித்துச் சிதறியது. இறக்கைகளையும் வாலையும் இயக்கும் மூன்று எண்ணெய்க் குழாய் அமைப்புகளும் அறுந்தன. திருப்பப் பிடியில்லை, இறக்கப் பிடியில்லை. தலைமை விமானி ஆல் ஹேன்ஸ். பயணிகளில் ஒருவராய் டென்னிஸ் ஃபிட்ச் அமர்ந்திருந்தார். அவ்வகை விமானத்தில் விமானிகளைப் பயிற்றுபவர். அவர் பணிப்பெண்ணை அழைத்து, உதவ முடியுமானால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். வரச் சொல் என்றார் ஹேன்ஸ்! முப்பதாண்டுக்கு மேல் பறந்தவர்; தம் அறைக்குள் மற்றொருவனா என்று முகம் சுளிக்கவில்லை. ஃபிட்ச் வந்து தரையில் மண்டியிட்டு, மிஞ்சியிருந்த இரண்டு எந்திரங்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தைத் திருப்பினார். பயணிகளிடம் ஹேன்ஸ் எதையும் பூசி மெழுகவில்லை. நீங்கள் இதுவரை கண்டறியாத கடுமையான இறக்கமாய் இருக்கும் என்றார். சூ நகரத்து ஓடுபாதையில் விமானம் சிதறியது. 112 பேர் இறந்தனர். 184 பேர் பிழைத்தனர். ஒருவருமே பிழைக்க வழியில்லாத நிலை அது என்று துறையறிந்தோர் கூறினர்.

தம் ஒருவர் தலையால் அது நடந்திராது என்பதை ஹேன்ஸ் மேடைதோறும் சொல்லி வந்தார். தலைமை விமானி சொன்னதே வேதம் என்ற பழைய முறைக்கு மாறாக, கீழிருப்போர் கேட்கவும் மேலிருப்போர் செவிசாய்க்கவும் பழக்கும் பயிற்சியை 1980களின் தொடக்கத்திலேயே அவர் நிறுவனம் தொடங்கியிருந்தது. அதற்கும் ஒரு சாவுக்கணக்கு முன்னால் இருந்தது: 1978இல் போர்ட்லண்டில், எரிபொருள் தீர்வதை உடனிருந்தவர் உணர்ந்தும் அழுத்திச் சொல்லாததால் விழுந்த விமானம்.

2001 செப்டம்பர் 11ஐப் பற்றி விரிக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். அன்று கடத்தப்பட்ட முதல் விமானத்தில் கடத்தியவன் பயணிகளை நோக்கிப் பேச எண்ணினான். அமைதியாய் இருங்கள், விமான நிலையத்துக்குத் திரும்புகிறோம் என்றான். ஒலிபெருக்கியின் பொத்தானுக்கு மாறாக வானொலியின் பொத்தானை அழுத்தியதால், அது தரையில் இருந்த கட்டுப்பாட்டாளர் காதில் விழுந்தது. நான்காவது விமானத்திலும் ஒருவன் தன்னை விமானி என்று சொல்லிக்கொண்டு, அமர்ந்தபடி இருங்கள் என்றான். இம்முறை பயணிகள் குரலை நம்பி அமரவில்லை. தொலைபேசியில் வீட்டாரைக் கேட்டனர். நியூயார்க்கில் நடந்ததை அறிந்தனர். தங்களுக்குள் கலந்து, வாக்கெடுத்து, எழுந்தனர். விமானம் பென்சில்வேனியாவின் வெற்றுவயலில் விழுந்தது. அதிலிருந்த பயணிகளும் பணியாளருமான 40 பேரும் மாண்டனர். கடத்தியவர்கள் குறிவைத்த இடத்தை அது அடையவில்லை.

இத்தனையும் ஆங்கிலம் அறிந்தவர்க்கு ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட கதைகள். சொல்லே புரியாதவன் எதை நம்புவது, எதை ஐயுறுவது? சென்ற ஆண்டு சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு விமானத்தில் சென்றோம். பக்கத்தில், சாளரத்தை ஒட்டி, மேலூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர். மகன் வாங்கித் தந்த சீட்டு, முதற்பயணம். ஒலிபெருக்கி இந்தியில் பேசிற்று, பிறகு ஆங்கிலத்தில். பாட்டி நம் பக்கம் திரும்பி, "என்ன தம்பி சொல்றாங்க?" என்றார். மூச்சுக்கவசம் எங்கிருந்து விழும், அதை எப்படி அணிவது, கதவுகள் எங்கே என்று எடுத்துச் சொன்னோம். "அப்ப இதெல்லாம் நான் பிழைச்சுக்கிறதுக்குத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றோம். வேறு என்ன சொல்வது? 2020 முதல் தமிழ் இளைஞர்களான விமானிகள் சிலர் இதே வழியில் தமிழில் பேசி, அதோ காவிரி, இதோ கொள்ளிடம் என்று காட்டி மகிழ்வித்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். நாம் போன நாளில் அந்தப் பேறு இல்லை.

மதுரை நெருங்கிற்று. பாட்டி நம் கையைத் தட்டினார். "தம்பி, ரெக்கை மேல தகடு தகடா நிமிருது பாரு. பிஞ்சு வருதா, சரியாத்தான் இருக்கா?" நமக்குத் தெரியவில்லை. தெரியாதென்று சொல்லவும் சற்று வெட்கம். சும்மா இருங்கள் பாட்டி என்று சொல்லிவிட நாக்கு நுனி வரை வந்தது. வாயை அடக்கிக்கொண்டு, மேலேயிருந்த பொத்தானை அழுத்தினோம். பணிப்பெண் வந்தார். நாம் ஆங்கிலத்தில் தொடங்குமுன், பாட்டியே முந்திக்கொண்டு கேட்டுவிட்டார். அந்தப் பெண் குனிந்து சாளரத்தின் வழியே பார்த்தார், பிறகு நல்ல தேனித் தமிழில், "வேகத்தைக் குறைக்கத்தான் பாட்டி அது நிமிருது. கேட்டது நல்லதுதான்" என்றார்.

பாட்டி தலையசைத்தார். ஆனாலும் சக்கரம் தரையைத் தொடும் வரை அந்தத் தகடுகள்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.